அம்மாயி வீணைக்கு போர்டிங் பாஸ் கிடைக்குமா? இசைக்கருவியோடு விமானம் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மேட்டுப்பாளையத்தில் இருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு வீணை சென்னைக்குப் போவதில் பெரிய சிக்கல் இல்லை. உறையைப் போட்டு, கீழ் பெர்த்தில் சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டபடி தூங்கிவிடலாம். எதிர் பெர்த்துக்காரர் ‘இது என்னங்க, வீணைங்களா?’ என்று ஆசையாகக் கேட்பார். காலையில் சென்ட்ரலில் இறங்கும்போது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கும். அவ்வளவுதான்.

அதே வீணை, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே எடை மெஷின் இருக்கிறது, அளவுச் சட்டம் இருக்கிறது, எக்ஸ்-ரே இருக்கிறது. ‘இதைக் கையில கொண்டு போக முடியாதுங்க’ என்று சொல்ல ஒருவர் நிற்கிறார்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் ஒரு வீடு. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் வீணை கற்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மாமன் அங்கே ஒரு விழாவில் வாசிக்க அழைத்திருக்கிறார். வீட்டில் இருப்பது அம்மாயியின் வீணை. அது அம்மாயிக்கு அவருடைய அம்மா கொடுத்தது.

“ஏன் கண்ணு, ரயில்ல மடியில வெச்சுட்டுப் போற மாதிரி இதுலயும் போனா என்ன?” என்கிறார் அம்மாயி.

“அதெல்லாம் உட மாட்டாங்க அம்மாயி.”

“அப்ப எங்க வெப்பாங்களாமா?”

இந்தக் கேள்விக்கு பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

உடைந்த சிதார், காணாமல்போன சரோட்

2025 டிசம்பரில், சிதார் கலைஞர் அனுஷ்கா ஷங்கர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு வீடியோ போட்டார். ஏர் இந்தியாவில் அனுப்பிய அவருடைய சிதாரின் அடிப்பகுதியில் பெரிய விரிசல். முதலில் சுருதிதான் கலைந்திருக்கிறது என்று நினைத்து, சரிசெய்யப் பார்த்திருக்கிறார். தூக்கிப் பார்த்தபோதுதான் விரிசல் தெரிந்திருக்கிறது. இசைக்கருவிகளுக்கென்றே செய்த பெட்டியில் வைத்து, கையாளும் கட்டணமும் கட்டி அனுப்பியது அது. உலகம் முழுக்கப் பறந்து வாசிப்பவருக்கே இந்த நிலை.

2014-ல் சரோட் மேதை உஸ்தாத் அம்ஜத் அலிகான் லண்டனில் இருந்து டெல்லி திரும்பினார். அவர் வந்துவிட்டார், சரோட் வரவில்லை. 45 ஆண்டுகள் பழைமையான கருவி. சில நாள்கள் தவித்த பிறகுதான் அது கைக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரிசையில் உலகப் புகழ்பெற்றது கனடா பாடகர் டேவ் கேரலின் கிட்டார். 2008 மார்ச்சில் அவர் யுனைடெட் ஏர்லைன்ஸில் பயணித்தபோது, சிகாகோ விமான நிலையத்தில் ஊழியர்கள் கிட்டார்களைத் தூக்கி எறிவதை, பின்னால் உட்கார்ந்திருந்த பயணி ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சுமார் 3,500 டாலர் மதிப்புள்ள கிட்டார் உடைந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆனது. ஒன்பது மாதங்கள் போராடியும் இழப்பீடு கிடைக்கவில்லை. நிறுவனம் சொன்ன முக்கியக் காரணம், 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்கவில்லை என்பதுதான். 2009 ஜூலையில் அதையே பாட்டாக எழுதி யூடியூபில் போட்டார் கேரல். பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. நிறுவனம் அதன்பிறகுதான் இறங்கிவந்தது.

எல்லோராலும் பாட்டுப் போட்டு வைரல் ஆக முடியாது. அதனால் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

7 கிலோ, 115 சென்டிமீட்டர்

இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில், எகானமி வகுப்பில் கையோடு கொண்டுபோகும் பைக்கு பொதுவாக 7 கிலோதான் வரம்பு. அளவு 55 x 40 x 20 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 115. இந்தக் கணக்கில் நம் கருவிகளை வைத்துப் பார்த்தால் உண்மை புரிந்துவிடும்.

வீணையின் நீளம் மட்டுமே நான்கு அடிக்கு மேல். அதாவது 120 சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்று பக்கமும் சேர்த்து 115 தான் என்ற இடத்தில், நீளத்திலேயே வீணை தோற்றுவிடுகிறது.

மிருதங்கம் கொஞ்சம் ஏமாற்றும். நீளம் சுமார் 60 சென்டிமீட்டர், நடுவில் குறுக்களவு 27-ஐ ஒட்டி வரும். கூட்டினால் 115-க்கு அருகில் வந்து நிற்கும். ஆனால் நீளம் 55-ஐத் தாண்டிவிட்டது. உறையும் பெட்டியும் சேர்ந்தால் கூட்டலும் தாண்டிவிடும். பலாமரமும் தோல்வாரும் சேர்ந்த எடை இன்னொரு பிரச்னை.

வயலின் ஓரளவு அதிர்ஷ்டசாலி. எடை குறைவு. பெட்டியின் நீளம் 80 சென்டிமீட்டரை ஒட்டி வந்தாலும், ஒல்லியாக இருப்பதால் தலைக்குமேல் உள்ள அறையில் நுழைந்துவிடும். பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் ‘போன தடவை விட்டாங்களே’ என்பது விதி இல்லை. அன்றைக்கு விமானம் நிரம்பி வழிந்தால், கேட்டில் நிற்கும் ஊழியர் மறுக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்களில் தலைக்குமேல் உள்ள அறை பெரியது. 70 சொச்சம் பேர் மட்டும் போகும் ஏ.டி.ஆர் ரக விமானங்களில் அது மிகவும் சின்னது. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் மாற வேண்டியிருந்தால், சின்ன விமானத்துக்கு எது பொருந்துமோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அமெரிக்காவில் தனிச் சட்டம்

அமெரிக்காவில் இதற்கென 2012-ல் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. வயலின், கிட்டார் போன்ற சிறிய கருவிகளைப் பயணி ஏறும் நேரத்தில் மேல் அறையிலோ சீட்டுக்கு அடியிலோ இடம் இருந்தால், கைப்பையாக அனுமதித்தே ஆக வேண்டும். வழக்கமான கைப்பைக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. முதலில் ஏறியவருக்கே இடம். ஒருமுறை கருவியை வைத்துவிட்டால், பின்னால் வருபவரின் சூட்கேஸுக்காக அதை எடுக்கச் சொல்ல முடியாது.

1978-ல் தொடங்கி இன்றுவரை நடக்கும் கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை போன்ற விழாக்களுக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அமெரிக்காவுக்குள் பறக்கும்போது அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் கேட்டில் பேச வசதியாக இருக்கும்.

நம் நாட்டில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி. அதனால் டிக்கெட் போடும் முன் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, கருவியின் நீளம், அகலம், எடையைச் சொல்லி, எழுத்துப்பூர்வமாக பதில் வாங்குங்கள். போனில் ‘ஓகே சார்’ என்று சொன்னவர் அன்றைக்கு விமான நிலையத்தில் இருக்க மாட்டார்.

கருவிக்கு ஒரு டிக்கெட்!

‘காசு போனாப் பரவாயில்லை, கருவி பக்கத்திலேயே வரட்டும்’ என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கருவிக்கும் தனி சீட் வாங்குவது. செல்லோ கலைஞர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் பறக்கிறார்கள். ஜன்னலோர சீட்டில் கருவி, பக்கத்தில் கலைஞர். சீட் பெல்ட்டும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்க செல்லோ மேதை லின் ஹாரெல் தன் செல்லோவுக்கு முழு டிக்கெட் வாங்கியதால், அதன் பெயரிலும் மைலேஜ் புள்ளிகள் சேர்த்துவந்தார். 2012-ல் அந்த விமான நிறுவனம் ‘செல்லோவுக்குப் புள்ளி கிடையாது’ என்று சொல்லி, செல்லோவின் கணக்கோடு அவருடைய கணக்கையும் சேர்த்து மூடிவிட்டது.

அருகிலேயே வைத்திருந்தாலும் மறதிக்கு மருந்தில்லை. 1999-ல் உலகப் புகழ்பெற்ற யோ-யோ மா, 1733-ல் செய்யப்பட்ட தன் செல்லோவை நியூயார்க்கில் ஒரு டாக்ஸியின் டிக்கியிலேயே விட்டு இறங்கிவிட்டார். அன்றைய மதிப்பு 25 லட்சம் டாலர். அன்றே அது கிடைத்தது, அவர் செய்த அதிர்ஷ்டம்.

வீணைக்கு சீட் வாங்க நினைத்தால் முதலில் நிறுவனத்திடம் பேச வேண்டும். இணையத்தில் சாதாரணமாக இரண்டு டிக்கெட் போட்டுவிட்டால் போதாது. குடத்தின் அகலம் சீட்டில் அடங்குமா, நிமிர்த்தி வைத்தால் முன் சீட்டை இடிக்குமா, அவசர வழியை மறைக்குமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

விமானத்தின் வயிற்றில் என்ன நடக்கிறது?

மிருதங்கம், தவில், வீணை பெரும்பாலும் சரக்கு அறைக்குத்தான் போகின்றன. ‘அங்கே காற்றே இருக்காது, கருவி வெடித்துவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. பயணிகள் விமானத்தில் சரக்கு அறையிலும் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, கையாளும் விதம். பெல்ட்டில் விழும் பெட்டி, வண்டியில் ஏறும் பெட்டி, அதன்மேல் அடுக்கப்படும் 25 கிலோ சூட்கேஸ். ‘ஃப்ராஜைல்’ ஸ்டிக்கர் ஒட்டினால் கொஞ்சம் உதவும். ஆனால் கெட்டியான பெட்டிக்கு அது மாற்றில்லை.

இரண்டாவது, வெயில். ஓடுதளத்தில் கொளுத்தும் வெயிலில் பெட்டி காத்திருக்க நேரலாம். வீணைக்கு இது மோசமான நேரம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையில்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டுகள் நகரும். பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும். சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ அது சுலபமில்லை.

மூன்றாவது, காற்றின் ஈரம். பறக்கும்போது விமானத்துக்குள் ஈரப்பதம் மிகவும் குறைந்துவிடும். மரமும் தோலும் சுருங்கும். இறங்கும் ஊர் சிங்கப்பூர் போல ஈரமானதாக இருந்தால் தோல் மீண்டும் தளரும். மிருதங்கத்தின் வலந்தலை சுருதியில் நிற்க நேரம் கேட்கும். அதனால் கச்சேரி நாளன்றே போய் இறங்காமல், ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான் புத்திசாலித்தனம்.

தந்திக் கருவிகளை அனுப்பும்போது தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றிவிட வேண்டாம். வயலினில் எல்லாத் தந்தியையும் விட்டுவிட்டால் குதிரை சாயும், உள்ளே இருக்கும் சின்னக் குச்சியும் விழுந்துவிடும்.

எந்தக் கருவிக்கு என்ன வழி?

* புல்லாங்குழல், மோர்சிங்: கைப்பையில் தாராளமாகப் போகும். மோர்சிங் எக்ஸ்-ரேயில் வினோதமாகத் தெரியும். எடுத்துக் காட்டி, ஒரு முறை வாசித்தும் காட்டத் தயாராக இருங்கள்.
* வயலின்: சீக்கிரம் ஏறிவிடுங்கள். மேல் அறையில் கடைசியாக வைக்கும் சூட்கேஸுக்கு அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* மிருதங்கம்: நுரை வைத்த கெட்டிப் பெட்டி அவசியம். தோல்வாருக்கு பதில் போல்ட்-நட் வைத்த மிருதங்கங்களைப் பயணத்துக்கென்றே வைத்திருப்பவர்கள் உண்டு. சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் கைப்பையில் வைக்காதீர்கள். சுத்தியல் மாதிரியான எதையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.
* நாகஸ்வரம்: அணசைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். சீவாளியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரம் தாமதமாக வந்தால் இன்னொன்று இரவல் வாங்கலாம். வாய்க்குப் பழகிய சீவாளியை இரவல் வாங்க முடியாது.
* கடம்: களிமண் என்பதால் சரக்கில் போடுவது சூதாட்டம். அதிலும் மானாமதுரைக் கடம் கனமானது. எடையையும் அளவையும் முன்கூட்டியே சொல்லி, கைப்பையாகக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள்.
* பறை: தீயில் காய்ச்சித்தான் தோலை முறுக்கேற்றுவோம். வெளிநாட்டு அரங்குகளில் தீ மூட்ட விட மாட்டார்கள். செயற்கைத் தோல் போட்ட பறை ஒன்றைக் கூடவே கொண்டுபோவது உதவும்.
* தம்புரா: இந்தக் கவலையைப் பெரும்பாலும் எலெக்ட்ரானிக் பெட்டி தீர்த்துவிட்டது. பெங்களூருவில் ‘ராடெல்’ நிறுவனத்தைத் தொடங்கிய, புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி.ராஜ் நாராயண் செய்த எலெக்ட்ரானிக் தம்புரா, கர்னாடக மேடைகளின் பயண மூட்டையையே சின்னதாக்கியது. பிரித்து எடுத்துச் செல்லும் டிஜிட்டல் வீணையையும் அவர் உருவாக்கினார். இந்த மாதிரிக் கருவிகளின் லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடக் கூடாது.

உடும்புத்தோலும் தந்தமும்

உடைந்தால் ஒட்டலாம். ஆனால் கருவியே பறிமுதல் ஆனால்? பலர் யோசிக்காத பகுதி இது.

கஞ்சிராவின் அசல் தோல் உடும்புத்தோல். உடும்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். வங்காள உடும்பு, சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கஞ்சிராவோடு எல்லை தாண்டுவது வழக்கில் கொண்டுபோய் விடலாம். பயணத்துக்கு ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிராதான் பாதுகாப்பு.

பழைய வீணைகளில் அலங்காரத்துக்குத் தந்தமும் மான்கொம்பும் பதித்திருப்பார்கள். இன்றைய வீணைகளில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது. பழைய வீணையை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் முன், பதித்திருப்பது என்ன என்று வீணை செய்பவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நம் மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீலகிரிச் சரிவுகளில் வளரும் ஈட்டி மரமும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியில் அந்த மரக் குடும்பம் முழுக்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, உலகெங்கும் கிட்டார் கலைஞர்கள் கலங்கிப்போனார்கள். 2019 இறுதியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதனால் ஈட்டி மரப் பாகம் உள்ள கருவிக்கு இப்போது அந்த பயம் குறைவு.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விலங்குத் தோல் உள்ள கருவிகளை இறங்கியதும் அறிவிக்க வேண்டும். மிருதங்கம், தவில், பறை எல்லாமே இதில் அடங்கும். மறைத்தால் அபராதம். சொல்லிவிட்டால் பெரும்பாலும் சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் இருக்கிறது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972. நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைமையான கலைப்பொருள்களைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வயது குறித்து சந்தேகம் வந்தால், ‘இது தொல்பொருள் இல்லை’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும்.

நம் கற்பனைக் குடும்பத்தில், அம்மாயியின் வீணைக்கு வயது என்ன?

“எனக்குக் குடுத்தப்பவே அது பழசு கண்ணு. எங்கம்மாளுக்கு அவங்க அப்பாரு வாங்கிக் குடுத்தது.”

வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உடைந்துவிட்டால் என்ன செய்வது?

சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒரு பயணிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். இந்தத் தொகை 2024 டிசம்பர் 28 முதல் அமலில் இருக்கிறது. இது உச்சவரம்பு மட்டுமே. நஷ்டத்தை நிரூபித்த அளவுக்குத்தான் கிடைக்கும். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய். ஒரு நல்ல வீணையின் விலைக்கு இது எந்த மூலைக்கு?

அதனால்தான் ஒப்பந்தத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செக்-இன் செய்யும்போதே கருவியின் மதிப்பை எழுத்தில் அறிவித்து, நிறுவனம் கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டினால், வரம்புக்கு மேலும் அந்த மதிப்பு வரை கோரலாம். கவுன்டரில் இதை நீங்களாகக் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

‘லிமிட்டட் ரிலீஸ்’ என்று ஒரு டேக் நீட்டி கையெழுத்து கேட்பார்கள். ‘உடையக்கூடிய பொருள், சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்ற பொருளில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டி கெட்டியாக, நன்றாகப் பேக் செய்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள்.

இறங்கியதும் செய்ய வேண்டியவை:

1. பெல்ட்டில் இருந்து எடுத்ததும் அங்கேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள்.
2. சேதம் இருந்தால் அங்கேயே போட்டோ, வீடியோ எடுங்கள். டேக்கும் போர்டிங் பாஸும் படத்தில் தெரியட்டும்.
3. விமான நிறுவனத்தின் பேகேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர் எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவுசெய்து நகல் வாங்குங்கள்.
4. சர்வதேசப் பயணம் என்றால் பெட்டி கிடைத்த 7 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வப் புகார் போயாக வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள்கள். வழக்குப் போட 2 ஆண்டுகள் அவகாசம்.
5. பதில் வரவில்லையா? மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை.

கிளம்பும் முன்பே கருவியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, வாங்கிய ரசீதையோ வீணை செய்பவரின் மதிப்பீட்டுக் கடிதத்தையோ மொபைலில் சேமித்துவிடுங்கள். ‘முன்னாடியே விரிசல் இருந்தது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்றால், போகும்போதே சுங்க அதிகாரியிடம் கருவியைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் சொந்தக் கருவிக்கே ‘வெளிநாட்டில் வாங்கினீர்களா?’ என்ற கேள்வி வரலாம்.

மடியில் தூங்கிய தபேலா

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தோன்றலாம். கருவியோடு வாழ்பவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. மறைந்த தபேலா மேதை ஜாகிர் உசேன், இளம் வயதில் கையில் காசில்லாமல் ரயிலில் பொதுப்பெட்டியில் பயணம் செய்தவர். உட்கார இடமில்லாவிட்டால் தரையில் செய்தித்தாளை விரித்துப் படுப்பார். யாருடைய காலும் செருப்பும் பட்டுவிடக் கூடாது என்று தபேலாவை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்.

கலை ஊர் விட்டு ஊர் போனால்தான் வாழும். மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனை 2024-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது. நம் ஊர்க் கும்மியும் பறையும் ஜமாப்பும் இன்னும் தூரம் போக வேண்டியவை. கலைஞர் போனால் போதாது, கருவியும் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

கற்பனைக் குடும்பத்துக்கே வருவோம். கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு இதுதான். பெண் பயணத்துக்குக் கொண்டுபோவது, பழகுவதற்கென்று வாங்கிய புது வீணை. நுரை வைத்த கெட்டிப் பெட்டி, மதிப்பு அறிவித்த சீட்டு, ஒரு நாள் முன்னதாகவே பயணம். அம்மாயி வீணை பத்திரமாக வீட்டில்.

“அப்ப இது எங்கயும் போகாதா?” என்று கேட்கிறாள் பெண்.

“ஏன் போகாது? மார்கழிக்கு மெட்ராஸுக்குப் போகும்” என்கிறார் அம்மாயி. “நீலகிரியில, கீழ் பெர்த்துல. நானும் கூட வர்றேன்.”